பத்தொன்பதாம் அத்தியாயம்

மலைப் பேருந்தில் ஏறிவிட்டால் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தாக வேண்டும். ஃபோனைப் பைக்குள் போட்டு, இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டால் அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை கதை ஓடிக்கொண்டிருக்கும். சேந்தமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. போய்வரும் நேரத்தில் ஒரு பெரிய நாவல் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த மாதம் கேட்டது பழைய வெளிநாட்டு நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. பனி கொட்டும் தேசத்தில் ஒரு அக்கா, ஒரு தங்கை. தங்கை சொன்ன ஒரு சொல்லால் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. இலவசமாகக் கிடைத்த ஒலிப்பதிவு அது. யாரோ ஒரு அம்மா தன் வீட்டில் உட்கார்ந்து படித்திருந்தார். குக்கர் விசிலடித்தால் நிறுத்துவார். தடுமாறினால் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த வரியை மறுபடி படிப்பார். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரைக் குறைத்து ஹாரனை அழுத்தும்போது அவர் குரல் மூழ்கிவிடும். எழுபது வளைவு, எழுபது ஓட்டை. அவற்றை நானே அடைத்துக்கொள்வேன். எங்கள் பேருந்தில் எந்தப் பேச்சும் பாதிதான் காதில் விழும். மீதியை நாங்களே போட்டுக்கொள்வது பழக்கம்.

அப்படித்தான் ஒரு மாலை, தங்கை பனியில் நடந்து அக்காவின் வாசலுக்கு வந்தாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். வளைவு வந்தது. ஹாரன். வளைவு முடிந்தபோது அவள் ஊர் திரும்பும் ரயிலில் இருந்தாள். இடையில் நடந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்கா கதவைத் திறக்கிறாள். ஈரக்கையை முந்தானையில் துடைக்கிறாள். தங்கை ஏதோ சொல்கிறாள். "உள்ள வா, குளுரடிக்குது" என்கிறாள் அக்கா. நான் பேருந்தில் அழுதேன்.

என் அக்கா பழனியம்மாள் இதே மலையில், திருப்புலி நாடு என்கிற ஊர்ப்பக்கம் இருக்கிறாள். நாலு வருடமாகப் பேச்சில்லை. கீழே ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவை அவள்தான் மலைக்குத் தூக்கி வந்தாள். அம்மா கேட்டாள் என்பதற்காக. ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். சனங்கள் கூடியிருந்த வாசலில் நான் அக்காவைப் பார்த்து, "நீதான் கொன்னே" என்றேன். அம்மாவின் ரத்த அறிக்கையை முதலில் படித்தவள் நான். எங்கே வைத்திருந்தாலும் அவ்வளவு நாள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இப்போது போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் வாசலில் முதல் சொல்லாக எதைச் சொல்வது? அந்தத் தங்கை என்ன சொன்னாள்? வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பதிவைப் பின்னால் தள்ளிக் கேட்டேன். பதினெட்டாம் அத்தியாயம் கதவோடு முடிந்தது. அடுத்தது இருபது. ஹாரன் எதையும் விழுங்கவில்லை. பதிவில் படித்த அந்த அம்மா ஒரு அத்தியாயத்தையே படிக்காமல் விட்டிருந்தார். "பத்தொன்பது எங்கே மேடம்?" என்று ஆறு மாதம் முன்பே பதிவின் கீழே யாரோ எழுதிக் கேட்டிருந்தார். பதில் இல்லை.

அதே நாவல் காசுக்கும் கிடைத்தது. நாடகக்காரர் ஒருவர் படித்தது, முழுசாக.

"முந்நூறு ரூவா குடுத்துக் கதை கேக்கறீங்களா?" என்றாள் தினமும் என்னோடு மலையிறங்கும் சுமதி. துணிக்கடையில் வேலை பார்ப்பவள். "எங்க மாமியார்கிட்ட உட்காருங்க. ஓசியிலயே ஓடும், நிறுத்தவே முடியாது."

"ஒரே ஒரு அத்தியாயம் வேணுங்க, சுமதி."

"அப்ப அதுக்கு மட்டும் காசு குடுங்க. மீதிக்கு எதுக்குத் தண்டம்?"

அப்படி விற்பதில்லை. வாங்கி இறக்கிக்கொண்டேன். உடனே கேட்கவில்லை. பரீட்சைக்குப் போகிறவள் வாசலில் நின்று புரட்டுவதுபோல, போகும் வழியில் கேட்டால்தான் சொற்கள் மறக்காது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை செம்மேட்டில் பேருந்து ஏறினேன். கண்டக்டர் மாணிக்கம் டிக்கெட்டைக் கிழித்தபடி, "ஞாயித்துக்கெழமையுமா லேபு?" என்றார்.

"இல்லீங்கண்ணா. அக்கா ஊட்டுக்கு."

கிழித்த டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போயிட்டு வா கண்ணு" என்றார்.

நாடகக்காரரின் குரல் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் வந்தது. பனி விழுவது கேட்டது. தங்கை கையைத் தூக்கினாள். உள்ளே அக்கா யாரோடோ சிரிப்பது கேட்டது. நான் இல்லாமலும் இவள் சிரிக்கிறாள் என்று நினைத்தாள். கையை இறக்கினாள். திரும்பி நடந்தாள். அத்தியாயம் முழுக்க அந்தத் திரும்பும் நடைதான்.

கதவு திறக்கவே இல்லை.

ஏமாற்றம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் மூன்று வாரமாக நான் பார்த்த அந்தக் கதவு? பனி பெய்யும் ஊரில் எவள் முந்தானையில் கை துடைப்பாள்? "குளுரடிக்குது" என்று எவள் சொல்வாள்? எழுதியவர் மூடி வைத்த கதவை எனக்குள் யாரோ திறந்திருக்கிறார்கள். "நீதான் கொன்னே" என்று சொன்ன அதே நெஞ்சுக்குள், என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், ஒருத்தி அக்காவைக் கதவைத் திறந்து என்னை உள்ளே அழைக்க வைத்திருக்கிறாள். அவள் எத்தனை நாளாக அங்கே இருக்கிறாள்? என்னை எனக்கு முப்பத்தெட்டு வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காடுகள் போய்க்கொண்டிருந்தன. புதிதாக ஒரு ஊருக்கு வந்தவள்போல எல்லாவற்றையும் பார்த்தேன்.

இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. தட்டினாலும் திறக்க ஆளில்லாத கதவு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் மிளகுத் தோட்டத்தில் மரத்தில் சாய்த்த, கணுக்களே படிகளான ஒற்றை மூங்கில் ஏணி ஆடியது. உச்சியில், கொடிக்குள், அவள் சேலை தெரிந்தது.

"யாரது கீழ? ஏணி நழுவுது, சித்த புடிங்க!"

ஓடிப்போய்ப் பிடித்தேன். மேலிருந்து இரண்டு மிளகுச் சரங்கள் என் தோளில் விழுந்தன.

"அக்கா" என்றேன்.

கொடியில் சலசலப்பு நின்றது. பிறகு, "லேபுக்காரிக்கு இன்னிக்கு லீவா?" என்றாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அது எனக்கு அப்பவே..." உடம்பு நடுங்கியது. மூங்கிலும் நடுங்கியது.

"அடியேய், நான் மேல இருக்கறேன். பேசறதுன்னாப் பேசு, ஆடாமப் பேசு."

நெற்றியை மூங்கிலில் அழுத்திக்கொண்டேன். அம்மாவின் ரத்த அறிக்கையில் இருந்ததை, முதல் எண்ணிலிருந்து, அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் மிளகு பறிக்கவில்லை.