மாமனார் கையில் பியூஸ் கட்டை

பிளம்பர் தங்கபாண்டிக்குத் தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம். மோட்டார் கிடக்கிற தண்ணீரில் ஆள் இறங்குவதற்கு முன்னால் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் பேன்ட் பைக்குள் போட்டுக்கொள்வான். ஆள் மேலே ஏறின பிறகுதான் வெளியே எடுப்பான். தோட்டத்துச் சொந்தக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு கத்தினாலும் சரி. அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு அனுமந்தன்பட்டி திராட்சைத் தோட்டத்தில் கோட்டை விட்டான். தோட்டம் அவன் மாமனாருடையது.

"எங்கிட்டயே கட்டையப் பிடுங்கி ஒளிச்சு வைக்கிறீகளா மாப்ள? என்னய நம்பலையா?"

மாமனார் நல்லகண்ணு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெண் கொடுத்தவரை நம்பாமல் எப்படி? தங்கபாண்டி மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டான்.

கிணற்றில் இறங்கவும் அவர் விடவில்லை. "மாப்பிள்ளை எதுக்கு நனையணும்? அவரு இறங்கட்டும்" என்றார். அவர் என்றது நவாஸை. உத்தமபாளையத்துக்காரன், தங்கபாண்டியோடு கூட்டாகத் தொழில் செய்பவன். அவன் சிரித்துக்கொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பந்தல் கல்காலில் இறுக்கிவிட்டு இறங்கினான். பாதிப் படியில் நின்று கேட்டான்.

"கட்டை உங்கிட்டத்தானடா இருக்கு?"

"மாமா கையில இருக்கு. பத்திரமா இருக்குடா, நீ இறங்கு."

இடுப்பளவு தண்ணீரில் நின்று நவாஸ் பைப் இணைப்பில் ஒழுகுகிற கப்ளிங்கை இறுக்கினான். நடுவில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினான். அந்தக் கொஞ்ச நேரம் போதாதா? மும்முனைக் கரண்டு மத்தியானத்தோடு போய்விடும், கொடி காய்கிறது என்ற அவசரத்தில் மாமனார் மோட்டார் ரூமுக்குள் புகுந்து கட்டைகளைச் சொருகிவிட்டார். அங்கே ஆட்டோ சுவிட்ச் வேறு மாட்டியிருந்தார். பட்டனை யாரும் அமுக்க வேண்டாம், கரண்டைக் கண்டதும் மோட்டார் தானாக ஓடும். ஓடியது. தண்ணீருக்குள் கேபிள் ஜாயின்ட் உரிந்து கிடந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை.

நவாஸ் கத்தக்கூட இல்லை. பைப்பைப் பிடித்த கை பிடித்தபடி வெடவெடத்தான். தங்கபாண்டிக்குக் குதிக்கத்தான் தோன்றியது. குதித்திருந்தால் ரெண்டு பிணம். ஓடிப்போய் மெயினை இறக்கினான். கட்டைகளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினான். பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். உள்ளங்கை கருகியிருந்தது. நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

"சத்தம் நின்னுச்சு. வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்" என்றார் மாமனார்.

"எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துரும்?"

அவர் மருமகனின் தோளைத் தொட்டார். சமாதானம் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

"கோவிச்சுக்கிராதீக மாப்ள. உள்ள நீங்க இருந்திருந்தா நான் போட்டிருப்பேனா?"

தங்கபாண்டி அந்தக் கையைத் தட்டிவிட்டான். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் மட்டுமா? பத்திரமா இருக்கு என்று சொன்ன தன் வாயின் மேலும்தான். இனி ஒரு நிமிஷம் அங்கே நின்றால் பெரியவர் என்றும் பார்க்க மாட்டோம் என்று அவனுக்கே பயமாக இருந்தது. நவாஸை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கம்பம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உயிருக்குப் பயமில்லை என்றார். வலது கையைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார். நவாஸின் மனைவி ரெஹானா சுவரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் மாமனார் போனில் கூப்பிட்டார்.

"தம்பிக்கு எப்படி இருக்கு மாப்ள?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "கட்டைய எடுத்துட்டுப் போயிட்டீகளே. சாயந்திரக் கரண்டு வந்துருச்சு, கொடி வாடுது."

தங்கபாண்டி பைக்குள்ளிருந்து மூன்று கட்டைகளையும் எடுத்து ரெஹானா பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தான்.

"நவாஸ் பொண்டாட்டிகிட்டக் குடுத்துட்டேன் மாமா. இங்கன வந்து வாங்கிக்கங்க. உள்ள உங்க மருமகன் இருந்திருந்தா போட்டிருக்க மாட்டேன்னு எங்கிட்டச் சொன்னீகள்ல? அத அப்படியே அந்தத் தங்கச்சி மூஞ்சியப் பார்த்துச் சொல்லிட்டு வாங்கிக்கங்க."

அவர் வரவில்லை.