இதை மட்டும் அழிக்காதே

மூன்றாவது தடவையாகப் படம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியபோதும் அண்ணி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடக் காத்திருப்பவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கொழுந்தன், படத்தை வரைந்த ஓவியன், நின்றுகொண்டிருந்தான்.

கண்காட்சிக்காக அவனுடைய முப்பது வருட உழைப்பை மூன்று அறைகளில் அடக்கியிருந்தார்கள். ஓவியர்கள் அவனைப் படம் எடுக்கிறவன் என்பார்கள். படம் எடுக்கிறவர்கள் ஓவியன் என்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் ஒதுக்கி வைத்திருந்தது. அவன் வேலை அப்படி. ஒரே பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைவான், எதிரே நிற்கும் கேமராவில் ஒரு ஷாட் எடுப்பான், துணியால் துடைப்பான், கொஞ்சம் மாற்றி மறுபடி வரைவான். எட்டு நிமிடப் படத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஓவியம். கடைசியில் மிஞ்சுவது ஒரு அழுக்குப் பலகை. அதையும் திரைக்குப் பக்கத்தில் மாட்டி, தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். யார் தொடப்போகிறார்கள்!

இந்தப் படத்துக்கு உட்கார்ந்தது அண்ணன். மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர். பொழுது போகாமல் தம்பியின் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காருவார், கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார். படத்தின் கதையே அவ்வளவுதான். படம் முடிந்த மறுமாதம் போய்விட்டார்.

"தம்பி, இதுல எதுப்பா அது?" என்றாள் அண்ணி.

"எது அண்ணி?"

"ஒரு நாள் வந்து சொன்னாரே. 'இன்னைக்கு அவன் வரைஞ்சதுல எனக்கே என்னைப் பிடிச்சிப் போச்சு, அழிக்காதடான்னு சொல்லிட்டு வந்திருக்கேன், உனக்குக் காட்டுறேன்'னு. வீட்டுல அவர் போட்டோ ஒண்ணுகூட உருப்படியா இல்லப்பா. எல்லாத்துலயும் முறைச்சிக்கிட்டே நிக்கிறார். அதை மட்டும் எடுத்துக் குடு, மாட்டிக்கிறேன்."

அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கண்ணாடி இல்லாத முகம், சிரிப்பு வரப்போகிற நேரம். வாழ்நாளில் அவன் வரைந்ததிலேயே அதுதான் உயிரோடு இருந்தது. அண்ணன் எழுந்து வந்து பார்த்து, "டேய், இதை மட்டும் அழிக்காதடா" என்றார். "எப்படியும் போட்டோ இருக்கும்ணே, எங்க போயிடப்போகுது?" என்றான். அண்ணன் படியிறங்கிப் போனார். பழகிய கை, யோசிக்குமுன் துணியை எடுத்துவிட்டது. பாதி முகம் போன பிறகுதான் கேமரா பட்டனை அமுக்கவே இல்லை என்று உறைத்தது. சாயங்காலம்வரை அதே முகத்தை மறுபடி வரைய முட்டி மோதிப் பார்த்தான். பலகையில் வேறு யாரோ ஒரு ஆள்தான் வந்தார். மறுநாள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினான். அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், என்ன அவசரம் என்று இருந்துவிட்டான்.

"இதா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி."

"இதா?"

ஏதாவது ஒன்றைக் காட்டி ஆமாம் என்றால் முடிந்தது. வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவனுக்கு.

திரையில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த கணம் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க சட்டுனு ஒரு வெட்டு வெட்டுதே," என்றாள் அண்ணி. "நடுவுல எங்க போனார்?"

அவன் திரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அழுக்குப் பலகையைப் பார்த்தான்.

"நான்தான் கண்ணைச் சிமிட்டிட்டேன் போல. இன்னொரு தடவை பாத்துடுறேன்."

திரை இருண்டது. மறுபடி நாற்காலி வந்தது, அண்ணன் வந்து உட்கார்ந்தார். அண்ணி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, கண்களை அகல விரித்துக்கொண்டாள்.