அமிர்தத்திடம் சொல்லாத அளவு

திருவெள்ளறையில் கிராம சேவகராக இருந்த சகாயநாதன், 1958 கோடையில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பீப்பாய் வரவழைத்தார். புல் கருகிப்போய், மாடுகள் வெறும் வைக்கோலை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்த சமயம். பாகைத் தண்ணீரில் கரைத்து வைக்கோலில் தெளித்துக் காட்டினார். அமிர்தத்தின் செவலைப் பசு தொட்டியைக்கூட விடாமல் நக்கியது.

ஆளுக்கொரு குடம் வாங்கிப் போனார்கள். அமிர்தம் மட்டும் நின்று கேட்டாள்.

"ஒரு வேளைக்கு எவ்வளவு சார் ஊத்தணும்?"

பஸ் வந்துவிட்டது. மாலைக் காட்சி சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகப் புத்தூரில் இருந்த மனைவியிடம் சொல்லியிருந்தார். "நல்ல சத்துங்க, பயப்படாம கொடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நான்கு நாள் கழித்து வந்தபோது பசு கொட்டிலில் செத்துக் கிடந்தது. கழிச்சல் நிற்கவே இல்லை என்றார்கள்.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"ரெண்டே நாள்ல குடம் காலி சார். தண்ணிகூடக் கலக்கல. கறக்குற மாடு, குறைச்சு வைக்க மனசு வரல."

சுற்றி ஊரே நின்றது. "அளவு தெரியாம இப்படியா கொடுக்கிறது?" என்று சகாயநாதன் கேட்டுவிட்டார். கேட்டபோதே நாக்கு கூசியது.

அமிர்தம் தலைகுனிந்தாள். "என் தப்புதான் சார்."

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். புருஷன் நல்லுசாமி கயிறு திரித்துக்கொண்டிருந்தார்; அமிர்தம் பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு இவங்க அளவு கேட்டாங்க. நான்தான் சொல்லாம பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். தப்பு என்னுதுங்க. ஊர்க்காரங்ககிட்டயும் சொல்லிடறேன்."

நல்லுசாமியின் கை நின்றது. மனைவியைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார்.

"மாடு போனதுலேருந்து அவர் என் கையால சாப்பிடல" என்றாள் அமிர்தம். "இதை அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாம்ல சார்?"

அவள் கொட்டில் பக்கம் கையைக் காட்டினாள்.

"எருமை ஒண்ணு மிச்சம் இருக்கு. அதுக்கு எவ்வளவு?"

பீப்பாயிலிருந்து அரைப்படி பாகு எடுத்துவந்து, இரண்டு படித் தண்ணீரில் கரைத்தார். வைக்கோலில் தெளித்து, எருமைக்குப் போட அள்ளப் போனபோது அவள் தடுத்தாள்.

"நீங்க வைக்க வேண்டாம். நான் வச்சுக்கறேன்."