கேட்டைத் தாண்டிய கன்று

ஆஸ்டின் டவுனில் டோரதி வீட்டு முன்னால் நின்ற ரயில் கற்றாழை, 1999 மார்ச்சில் நடுக்குருத்திலிருந்து ஒரு பூத்தண்டை விட்டது. ஈஸ்டருக்குள் அது ஓட்டுக்கூரையைத் தாண்டிவிட்டது.

அவள் கணவர் ஹெர்பர்ட், கோலார் சுரங்க வேலையை விட்டு வரும்போது குவார்ட்டர்ஸ் வேலியிலிருந்து பெயர்த்து வந்த செடி. பிள்ளைகள் இல்லாத வீட்டில், அவர் கைபட்டு வளர்ந்து, அவர் போன பிறகும் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அடியில் முளைக்கும் கன்றுகளை ஹெர்பர்ட் டால்டா டப்பாவில் வைத்து, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். "நம்ம கன்னு நம்ம வாசல்ல நிக்கக் கூடாது, கேட்டத் தாண்டிப் போவணும்" என்பார். அவருக்குப் பின் வருகிறவர்கள் இல்லை. டோரதி கன்றுகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

"பூத்தா செத்துடுமாம் அக்கா," என்றார் பக்கத்து வீட்டு சுந்தரம், மதில்மேல் கையூன்றி. "தண்ட வெட்டிட்டா பொழைச்சுக்கும். எங்க வீட்ல துளசிப்பூவ கிள்ளிக் கிள்ளித்தானே வருஷக்கணக்கா வெச்சிருக்கா."

"துளசியும் இதுவும் ஒண்ணா?"

"செடி செடிதானேக்கா."

வெட்டச் சொன்னாள். சுந்தரமே ரம்பத்தோடு வந்தார். வெட்டிய இடத்தில் பல நாள் நீர் கசிந்தது. அடி மடல்கள் மஞ்சளாகிச் சரிந்தன. ஆகஸ்டில் செடி முழுதும் நொறுங்கிப் படுத்துவிட்டது. சுந்தரம் கொஞ்ச நாள் மதில் பக்கம் வரவில்லை. ஒருநாள் தலை தெரிந்ததும் டோரதியே கேட்டாள்:

"உங்க துளசி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் குனிந்தபடி.

காய்ந்த மடல்களை அள்ளும்போது அடியில் ஒரு கன்று இருந்தது. அந்த வருடம் அவள் கண்ணெல்லாம் மேலே தண்டின் மீதே இருந்ததால் பிடுங்காமல் விட்டது. ஹெர்பர்ட்டின் வழக்கப்படி டப்பாவில் நட்டு, வருகிறவருக்கென்று கதவோரம் வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சிலிருந்து பாட்டுக்குழு வந்தது. டப்பாவை நீட்டினாள். "முள்ளுச் செடியா ஆன்ட்டி? வேன்ல எடமில்ல," என்று சிரித்துக்கொண்டே கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொங்கல் சமயத்தில் டப்பாவின் ஓட்டையில் வேர் எட்டிப்பார்த்தது. டோரதி யார் வீட்டுக்கோ போகிறவள்போலப் புடவையை மாற்றிக்கொண்டு, டப்பாவை எடுத்து, கேட்டைத் திறந்து தெருவுக்குப் போனாள். முனைக் கடை வரை நடந்துவிட்டு டப்பாவோடே திரும்பினாள்.

"எங்கக்கா போயிட்டு வரீங்க?" என்றார் சுந்தரம்.

"டோரதி வீட்டுக்கு," என்றாள் அவள், கேட்டைச் சாத்தியபடி. "ஒரு கன்னு குடுத்தாங்க."