திருப்பிப் பார்க்காத மய்யித்து

நஸீஹா ஆள் விட்டுக் கூப்பிட்டபோது மதாருக்கு எரிச்சல்தான் வந்தது. மகனை அடக்கி மண் இன்னும் காயவில்லை. அதற்குள் துக்கம் கேட்க வருகிறவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப்போயிருந்தார். ஆனாலும் தங்கை மகள், சும்மா கூப்பிடுகிறவள் இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. முன்பு அமெரிக்காக்காரன் ஆசுபத்திரிக்கு அடித்தாள். அங்கே அதை மிஷினே செய்யத் தொடங்கிவிட்டதாம். இப்போது ஏதோ ஏஜென்சி மூலம் நம்ம பக்கத்து ஆசுபத்திரி வேலை வருகிறது. உடம்பில் உள்ள எலும்பு, நரம்பு எல்லாவற்றுக்கும் அவளுக்கு இங்கிலீஷில் பேர் தெரியும். மதாருக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. ஊரான் வியாதியை ஒட்டுக்கேட்பதும் ஒரு பிழைப்பா என்று தங்கையிடமே கேட்டிருக்கிறார்.

"கதவச் சாத்திட்டு வாங்க மாமு."

"ஏன், களவாண்டு எதுவும் வச்சிருக்கியா?"

அவள் சிரிக்கவில்லை. "நம்ம நவ்ஷாத் மச்சான் போஸ்ட்மார்ட்டம் எனக்கே வந்திருக்கு. பேரு இல்ல, நம்பர்தான். இடது சுண்டுவிரல் பாதி இல்லன்னு டாக்டர் சொன்னதும் மச்சான்தான்னு தெரிஞ்சுபோச்சு."

மகன் விசைப்படகில் போன புதிதில் அந்த விரலை வலை இழுக்கும் விஞ்சுக் கயிறு அறுத்தது. இப்போது உயிரையும் அந்த விஞ்சுதான் எடுத்ததாகப் படகு டிரைவர் சொல்கிறான். வழுக்கி விழுந்தானாம், விஞ்சில் நெற்றி மோதியதாம். போலீசும் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது. கடலுக்குப் போகுமுன் படகுத்துறையில் வைத்து அந்த டிரைவரும் நவ்ஷாதும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்தது. அதை எவனும் எழுதவில்லை.

மகன் உடலை, மய்யித்தை, குளிப்பாட்டியவர் மதார். நெற்றியில் இருந்தது வெறும் சிராய்ப்பு. பின்மண்டையில் தண்ணீர் விட்டுத் தடவியபோதுதான் விரல் உள்ளே போனது. பக்கத்தில் நின்ற பள்ளிவாசல் லெப்பை காதோடு காதாக, "குளிப்பாட்டுறவன் கண்டத வெளிய சொல்லப்படாது மதார்" என்றார். மதார் சொல்லவில்லை, மனைவி அம்மாரிடம்கூட. டாக்டர் பார்த்திருப்பார், அது ரிப்போர்ட்டில் வந்துவிடும், நம்ம வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார். படித்தவனை அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

"மண்டையில அடின்னு சொல்றாரு மாமு. முன்பக்கமா பின்பக்கமாங்கிற அந்த வார்த்தை மட்டும் புரியல. ஃப்ராண்டல்னா நெத்தி, ஆக்ஸிபிடல்னா பின்மண்டை. ஃபேன் சத்தம் அத முழுங்கிருச்சு. புரியலன்னா காலியா விட்டு டாக்டருக்கே திருப்பி அனுப்பணும், அதான் முறை. ஏஜென்சிக்காரன் விடமாட்டேங்குறான். போலீஸ் பேப்பர்ல நெத்தின்னு இருக்கு, அதையே போட்டு அனுப்புங்குறான்."

"நீ என்ன போடப் போற?"

"நீங்கதானே குளிப்பாட்டுனீங்க. பின்னால ஏதும்..."

"அதக் கேக்கப்படாது." குரல் உயர்ந்துவிட்டது. "ஒங்க டாக்டரு வாயில வெத்தலயப் போட்டு மென்னுக்கிட்டா பேசுனான்? போடு, நான் கேக்குறேன்."

"இங்கிலீஷ் மாமு."

"செத்தது என் மகன். போடு."

அவள் காதில் மாட்டுவதைப் பிடுங்கிவிட்டுச் சத்தமாக வைத்தாள். ஃபேன் உறுமியது. தண்ணீர் ஊற்றும் சத்தம், தட்டில் இரும்பு விழும் சத்தம். நடுவில் டாக்டர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு போனான். ஏலத்தில் மீனைக் கூவுகிற மாதிரி இருந்தது மதாருக்கு. புரியாத இடம் வந்ததும் நஸீஹா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நிறுத்தப் போனாள்.

"நிப்பாட்டாத. அங்கன எவனோ தமிழ்ல பேசுறான்."

"அது பொணவறை ஆளு. மத்த சத்தத்த ஒதுக்கிட்டு டாக்டர் குரல மட்டும் கேக்கத்தான் எங்களப் பழக்கியிருக்காங்க."

"என்னை எவனும் பழக்கல. திரும்பப் போடு."

போட்டாள். இந்தத் தடவை இரண்டு பேரும் அந்த ஆள் பேச்சைக் கேட்டார்கள்.

"சார், தலையத் தொறக்கவா?"

"வேணாம்ப்பா. ரொம்ப அறுக்காதீங்கன்னு பாய்மாருங்க கேட்டுக்கிட்டாங்க."

"திருப்பிப் போட்டுப் பாக்குறீங்களா?"

"எதுக்கு? தச்சுக் குடுத்துரு."

மதார் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேட்டுக்கொண்ட பாய் அவர்தான். ஜமாத்துப் பெரியவர் சதக்கத்துல்லாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிணவறை வாசலில் நின்று, "மய்யித்துக்கும் வலிக்கும் சார், ரொம்ப அறுத்துராதீங்க" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். நம்ம ஆட்கள் எல்லோரும் கேட்பதுதான். குளிப்பாட்டும்போது தலையில் தையல் இல்லாததைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொன்னார்.

நஸீஹா மெதுவாகச் சொன்னாள். "திருப்பியே பாக்கல. பாக்காத எடத்த எப்படிச் சொல்லுவாரு? அந்த வார்த்தை நெத்திதான் மாமு. காலையிலேருந்து இதுக்குத்தான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பின்மண்டைன்னு அடிச்சிரவா? டாக்டரு படிச்சுப் பாக்காமத்தான் கையெழுத்துப் போடுவாரு."

மதாருக்கு அரை நொடி ஆசை வந்தது.

"வேணாம். நாளைக்குக் கோர்ட்டுல இந்தப் பேச்சப் போட்டுக் காட்டுனா ஒன் பொழப்பும் போகும், இவன் கேஸும் போகும். அவன் என்ன சொன்னானோ அதப் போடு."

அவள் அடித்தாள். அனுப்பினாள்.

"இப்ப இன்னொண்ணு அடி. கலெக்டருக்கு. நான் சொல்றேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, படகுக்குப் படகு கத்திச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "பெரியபட்டினம் மதார் ஆகிய நான், என் மகன் மய்யித்த என் கையால குளிப்பாட்டுனேன். பின்மண்டையில, காதுக்கு நேரா, எலும்பு ஒடஞ்சு கெடந்துச்சு. என் ரெண்டு வெரல் உள்ள போச்சு."

நஸீஹாவின் விரல் நின்றது.

"என்ன, புரியலையா?"

"புரியுது மாமு."

"அப்ப அடி. காலியா விடாத."

அவள் அடித்து முடித்தாள். "கடைசியில நமக்கு என்ன வேணும்னு போடணும்."

பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அதன் பின்புறம்தான் நவ்ஷாதை அடக்கிய மையவாடி. பாங்கு முடியும்வரை மதார் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கபுரத் தோண்டி எடுத்துத் தலையத் தொறந்து பாக்கணும்னு போடு. எவ்வளவு வேணாலும் அறுக்கட்டும்னு போடு."

எழுந்து கதவைத் திறந்தார்.

"பிரிண்ட் எடுத்து வையி. அம்மாருட்ட சொல்லிட்டு வந்து கைநாட்டு வைக்கிறேன்."