நாற்பத்தோராம் இடத்துப் பிள்ளைகள்

அலபாமாவில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அன்றைக்குக் கல்லூரி ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். பெண்ணின் சித்தப்பனே வரமாட்டான். பாதிரியார் வருவார், மனசு மைதானத்தில் இருக்கும். இதெல்லாம் தெரிந்தும் வெர்லன் தன் மகள் டெல்லாவுக்கு டிசம்பர் முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்று நாள் குறித்துக் கொடுத்தான்.

அன்று மூன்று மணிக்குத்தான் அந்த வட்டாரத்துப் பன்னிரண்டு கல்லூரிகளில் முதல் இரண்டு இடம் பிடித்தவை இறுதி ஆட்டம் ஆடும். ஊரே கும்பிடும் பைன்ரிட்ஜ் கல்லூரி அதற்கு வராது என்பது வெர்லனின் கணக்கு. மர மில்லில் பலகை அடுக்கி இடுப்பு விட்டுப்போய் வந்தாலும், படுக்குமுன் தன் ஃபுட்பால் கணக்கு நோட்டைத் திறந்துவிடுவான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்று பட்டியல் வரும், அதை அப்படியே எழுதிவைப்பான். ஒவ்வொருவனுக்கும் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ஐந்து என்றால் சூரன். இரண்டு என்றால் கூட்டத்துக்கு ஆள். நல்ல பையன்களை வாரிக்கொண்ட கல்லூரிதான் ஜெயிக்கும் என்று இருபது வருஷ நோட்டும் சொன்னது. பையன்களைச் சேர்ப்பதில் பைன்ரிட்ஜுக்கு நான்கு வருஷமாக நாட்டிலேயே நாற்பத்தோராம் இடம்.

"நல்லாப் பாத்தீங்களா சம்பந்தி?" என்று மாப்பிள்ளையின் அப்பா கிளைட் கேட்டார். "எங்க வீட்டுல எல்லாமே பைன்ரிட்ஜ் ஆளுங்க. பின்னாடி வம்பாயிரும்."

"இந்தப் பசங்கள வச்சுக்கிட்டு ஃபைனலா? கவலைப்படாம கோட்டு தைங்க."

அவன் வாக்கை நம்பிப் பாதிரியார் தேவாலயத்தைக் கொடுத்தார். நூற்றிருபது பேருக்கு அழைப்பும் போய்விட்டது.

செப்டம்பரில் பைன்ரிட்ஜ் முதல் ஆட்டத்தை ஜெயித்தது. சந்தோஷம். இரண்டாவதையும் ஜெயித்தது. ஐந்தாவதை ஜெயித்தபோது வெர்லனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்டோபர் முடிவில், பிறந்ததிலிருந்து பைன்ரிட்ஜ் தொப்பி போட்ட மனுஷன், டிவியில் எதிராளி பந்தைப் பிடித்தால் மேசைக்கடியில் மெல்லக் கைதட்டினான்.

மில்லில் கூட வேலை பார்க்கும் ராஸ்கோ அதைக் கவனித்துவிட்டான்.

"என்னண்ணே, நாம ஜெயிச்சிருக்கோம். நீ எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க."

"எம்மக கல்யாணத்துக்கு யாருடா வருவா?"

"நான் வருவேன்ணே." ராஸ்கோ கொஞ்சம் யோசித்தான். "சாப்பாட்டு நேரத்துக்கு."

தேதியை மாற்றலாமா என்று வெர்லன் மகளிடம் ஒரு தடவை கேட்டான். டெல்லா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமா காத்திருக்கேன்பா. இடம் கெடச்சதே இந்த நாளுதான். நீதானே அடிச்சுச் சொன்ன? ஒருத்தரும் வரலன்னா காலி பெஞ்சு நடுவுல என்னைக் கூட்டிட்டுப் போ. நான் வரேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

நவம்பர் முடிவில், நன்றிகூறும் நாள் விருந்து கழிந்த சனிக்கிழமை, ஃபைனலுக்கு முந்தின கடைசி ஆட்டம். தோற்றால் மூன்றாம் இடம், கல்யாணம் தப்பும். ராஸ்கோவோடு மைதானத்துக்குப் போனான் வெர்லன். பாக்கெட்டில் மிச்ச வான்கோழி வைத்த ரொட்டி, அதைப் பிரிக்கவேயில்லை. ஆட்டம் முடிய நாற்பது விநாடி. பைன்ரிட்ஜ் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. 'ஆண்டவரே, இப்படியே முடிச்சுவிடும்' என்று கண்ணை மூடினான்.

பந்து உயரே போனது. பிடித்தவன் ட்ரெவிஸ் மாப்ரி. இரண்டு நட்சத்திரக்காரன். 'குட்டை, தேறமாட்டான்' என்று வெர்லனே தன் கையால் எழுதி வைத்த பையன். இரண்டு தடியன்கள் அவன்மேல் விழுந்தார்கள். எப்படியோ நழுவி வெளியே வந்து, மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டிக்கொண்டு ஓடினான்.

"ஓடுறா! என் ராசா, ஓடுறா!"

கத்தியது யார் என்று வெர்லனுக்கே தெரியவில்லை. பெஞ்சின்மேல் ஏறி நின்று, முன்னால் இருந்த முன்பின் தெரியாத அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். மாப்ரி எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்து, பைன்ரிட்ஜுக்கு ஆறு புள்ளி ஏறிய பிறகுதான் புத்தி வந்தது. ஊரே துள்ள, அவன் மட்டும் மெல்ல உட்கார்ந்தான்.

வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கவே கூசியது. சமையலறை மேசையில் டெல்லா, காதில் போனும் கையில் விருந்தாளிப் பட்டியலுமாக இருந்தாள்.

"டிவில பாத்தேன்," என்றாள் போனை வைத்துவிட்டு. "பெஞ்சு மேல ஏறிக் குதிக்கிற. பாவம், அந்த அம்மா யாருப்பா?"

"தெரியாதும்மா. டெல்லா, நான் வந்து..."

"நானும்தான் குதிச்சேன். அம்மாவும் குதிச்சா. பாதிரியார் ஆட்டம் முடியறதுக்குள்ளயே போன் போட்டுட்டார். 'காலையில பத்து மணிக்கு வச்சுக்கலாமா மகளே'ன்னு கெஞ்சறார். போய்த் தொலையுதுன்னு சரின்னுட்டேன். பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு. மில்லு ஆளுங்களுக்கு நீ சொல்லு."

வெர்லன் போனை எடுத்தான். முதலில் ராஸ்கோ.

"பத்து மணிதானேண்ணே? பாதிரியார் ஊருக்கே சொல்லிட்டாரு. ஃபைனலுக்குப் போன பின்னாடியும் மூணுன்னு நெனப்போமா?"

பதினேழு பேரைக் கூப்பிட்டான். ஒருவரும் மூன்று மணி என்று நினைத்திருக்கவில்லை.

கல்யாணத்தன்று பெஞ்சு ஒன்றுகூடக் காலியில்லை. காலை விருந்து என்பதால் பிஸ்கட் ரொட்டி, வெள்ளைக் குழம்பு, பன்றித் தொத்திறைச்சி. மூன்று மணிக்குத் தேவாலயக் கூடத்தில் டிவி வைத்தார்கள். எதிரே ஐந்து நட்சத்திரப் பையன்கள் நிறைந்த அணி. பாதி ஆட்டத்துக்குள் அவர்கள் இருபத்தெட்டு, பைன்ரிட்ஜ் மூன்று. மாப்ரியைப் பந்தின் பக்கமே விடவில்லை.

"உங்க கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு சம்பந்தி," என்றார் கிளைட், மிச்சத் தொத்திறைச்சியை மென்றபடி. "ஒரே ஒரு வாரம் லேட்டு."

கூடம் இடிந்துவிழச் சிரித்தது. டெல்லா வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து டிவியை அணைத்தாள்.

"பாத்தது போதும். பாட்டுப் போடுங்க. அப்பா, எந்திரி."

"முட்டி வலிக்குதும்மா."

"பெஞ்சு மேல ஏறுனப்ப வலிக்கலயா?"

வெர்லன் எழுந்தான்.