பத்து நாள் காதல்

என் குண்டு உடம்பைப் பார்த்து எனக்கு 'ஜேசிபி' என்று பெயர் வைத்தது யார் என்று தெரிந்தால் அவன் வாயில் மண்ணை அள்ளிப் போடுவேன். பன்னிரண்டாம் வகுப்புக்குள் நான் நுழைந்தாலே "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு" என்று கத்துவார்கள். என் பெயர் கலைமதி. ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் வந்து படிக்கிறேன். அதே பஸ்ஸில்தான் பிரான்சிஸும் வருவான். அவனுக்கு நடையும் குரலும் மெல்லிசு. "பேர்லயே சிஸ் இருக்குதுடா" என்று அவனை 'சிஸ்' ஆக்கிவிட்டார்கள். கூப்பிடுவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. பாத்ரூமுக்குப் போனால் பின்னாலேயே நான்கு பேர் போவார்கள். அதற்குப் பயந்து அந்தப் பாவி பள்ளியில் தண்ணீரே குடிக்கமாட்டான்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னான்.

"எனக்குப் பொண்ணுங்க மேல எதுவும் தோணல கலை. பசங்களத்தான் புடிக்குது. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. உன்னாண்டதான் சொல்றேன்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியமா" என்றேன்.

அடுத்து வந்த யோசனை என்னுடையதுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "நாம ரெண்டு பேரும் லவ்வுனு சொல்லிக்கலாம்டா. அப்புறம் எவன் உன்ன சிஸ்ஸுன்றான்னு பாக்கலாம்."

இன்ஸ்டாவில் ஒரு செல்ஃபி, நடுவில் சிவப்பு இதயம். அவ்வளவுதான், பத்து நாள் ராஜ வாழ்க்கை. பையன்கள் அவனை 'மச்சி' என்று கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்கள். மதியம் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தான். என்னையும் ஒருவன் காதலிக்கிறான் என்று நான் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டேன். பொய்தான், இருந்தாலும் நன்றாக இருந்தது.

அவன் காலனி, நான் ஊர்த்தெரு. அது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை. காதலே இல்லாதபோது சாதி எங்கே வரும் என்று நினைத்தோமோ என்னவோ.

பதினோராம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் சித்தப்பாவும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அப்பா பிரான்சிஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"காலனிக்காரனுக்கு எம் பொண்ணு கேக்குதாடா?"

"சும்மா வெளையாட்டுக்குங்க..."

"எம் பொண்ணு உனக்கு வெளையாட்டா?" அப்பா விட்ட ஓர் அறையில் அவன் உதடு கிழிந்தது.

"சவுக்குத்தோப்புக்கு இட்டுக்கினு போயிடலாம்ணா" என்றார் சித்தப்பா. அங்கே போனவன் முழுசாகத் திரும்பமாட்டான்.

"லவ்வே இல்லப்பா!" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. வகுப்புப் பையன்கள் சுற்றி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

"அப்பா, அவன் ஒம்போதுப்பா! அவனுக்குப் பொண்ணுங்களையே புடிக்காதுப்பா!"

அப்பாவின் பிடி தளர்ந்தது. முதலில் சித்தப்பா சிரித்தார். பிறகு அப்பா, பிறகு பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடி? பேஜாராப் போச்சு" என்றார்.

பிரான்சிஸ் கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டான்.

"உன்னக் காப்பாத்தத்தான்டா சொன்னேன்..."

"அடிச்சிருந்தா ஆறியிருக்கும் கலை" என்றான்.

அவன் வீடு போய்ச் சேருவதற்குள் வீடியோ அவன் அம்மா சவுரியம்மாளின் போனுக்குப் போய்விட்டது. இப்போது அவனை விழுப்புரத்தில் அவன் பெரியப்பா வீட்டில் பூட்டி வைத்து, பேய் ஓட்ட ஜெபம் பண்ணுகிறார்களாம். நான் கூப்பிட்டால் அவன் போன் போகவே மாட்டேன் என்கிறது. என்னை அப்பா மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிட்டார். மானம் போகவில்லையாம்.